சோர்ன்: ஓர் ஓவியரின் பெயரும் அது சென்ற இடங்களும்

எண்ணெய் வண்ணத்தில் முகம் தீட்டப் பழகிவரும் நீங்கள் கேட்டிருப்பது இது: ஓவிய வகுப்பில் 'சோர்ன் பேலட்', அதாவது சோர்னின் வண்ணத்தட்டு, என்று சொல்லி நான்கே வண்ணங்களைக் கையில் கொடுத்தார்கள், முதுகலைக் கணிதம் படிக்கும் உங்கள் தங்கையின் பாடநூலில் 'சோர்னின் துணைத்தேற்றம்' இருக்கிறது, சுவீடன் நாட்டு வயலின் கலைஞர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் அவர் 'சோர்ன் பதக்கம்' பெற்றவர் என்று படித்தீர்கள். இவை மூன்றும் ஒரே மனிதரைக் குறிக்கின்றனவா, அந்தப் பெயருக்குப் பொருள் என்ன, அந்த ஓவியர் உண்மையிலேயே நான்கு வண்ணங்களை மட்டும்தான் பயன்படுத்தினாரா, நீலம் இல்லாமல் எப்படித் தீட்ட முடியும், பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது, சொல்வது என்பவை உங்கள் கேள்விகள்.

பேலட்டும் பதக்கமும் ஒருவருடையவை. அவர் சுவீடனின் ஓவியரும், எட்சிங் எனப்படும் அமில அரிப்பு அச்சுக்கலையில் தம் காலத்தின் முதல் வரிசையில் நின்றவருமான ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920). துணைத்தேற்றம் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கணிதவியலர் மாக்ஸ் சோர்னின் (1906–1993) பெயரால் வழங்குவது. ஆண்டர்ஸ் சோர்ன் தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லை; ஆகவே கணிதவியலரை ஓவியரின் மகன் என்றோ பேரன் என்றோ எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். 'நான்கு வண்ணங்கள் மட்டுமா' என்பதற்குச் சுருக்கமான பதில் 'இல்லை' என்பதே. ஆனால் அந்தப் பதிலை அவருடைய செப்புத்தகடுகளைப் பாராமல் சொன்னால் பாதிதான் விளங்கும் என்று நான் கருதுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். 'ட்சோர்ன்' என்பது சினம், கடுஞ்சீற்றம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல். சுவீடனின் நடுப்பகுதியான தலார்னாவில், மோரா என்ற ஊரில் பிறந்த ஒரு குடியானவக் குழந்தைக்கு இப்படி ஒரு ஜெர்மன் பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய தந்தை. தாய் அன்னா, பருவகால வேலைக்காக உப்சாலா நகரத்து மதுவடிப்பாலைக்குச் சென்றிருந்தபோது, அங்கே பணிபுரிந்த பவேரியாவைச் சேர்ந்த லியோனார்ட் சோர்னைச் சந்தித்தார். இருவரும் மணந்துகொள்ளவில்லை. 1860 பிப்ரவரி 18 அன்று பிறந்த மகன் தாய்வழித் தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்தார். தந்தையை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அந்த வட்டாரத்தில் பண்ணையின் பெயரை முன்னால் வைத்து, தன் பெயரைச் சொல்லி, 'இன்னாரின் மகள்' அல்லது 'இன்னாரின் மகன்' என்று முடிப்பது வழக்கம். தாயின் முழுப்பெயர் 'குருட் அன்னா ஆண்டர்ஸ்டோட்டர்' என்று அமைந்தது அதனால்தான். 'குருட்' என்பது பண்ணை, 'ஆண்டர்ஸ்டோட்டர்' என்பது ஆண்டர்ஸின் மகள். அந்த வரிசையில் மகன் பெயருக்குப் பின்னால் 'சோர்ன்' சேர்ந்ததென்றால், அது தந்தை அவரைத் தம் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம். 1872இல் லியோனார்ட் ஹெல்சிங்கியில் இறந்தபோது பையனுக்குக் கிடைத்தவை சிறிதளவு சொத்தும் இந்தப் பெயருமே. அந்தச் சொத்து அவருடைய படிப்புக்கு உதவியது. பெயருக்குப் புகழ் சேர்ந்தது பின்னால்.

மரத்தில் உருவங்கள் செதுக்கிக்கொண்டிருந்த பையன் சிற்பியாகும் எண்ணத்துடன் 1875இல், பதினைந்தாம் வயதில், ஸ்டாக்ஹோம் அரச கலைக் கழகத்தில் சேர்ந்து, நீர்வண்ண ஓவியராக வெளியே வந்தார். 1880இல் துக்க உடையணிந்த ஓர் இளம்பெண்ணைத் தீட்டிய நீர்வண்ண ஓவியமே அவரை ஊரறியச் செய்தது. வசதிபடைத்த யூத வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த எம்மா லாமை அவர் மணக்க விரும்பினார். குடும்பத்தைக் காப்பாற்றும் வருமானம் வேண்டுமென்று லண்டனுக்குச் சென்று உருவப்படங்கள் தீட்டினார். 1885இல் திருமணம் நடந்தது. எம்மாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள். கணவரின் தொழில் விவகாரங்களில் துணைநின்று, அவர் மறைந்த பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்து, 1939இல் மோராவில் சோர்ன் அருங்காட்சியகம் திறக்கப்படும்வரை பாடுபட்டவர் அவர். இன்று அந்த ஓவியங்களை நாம் ஓரிடத்தில் காண முடிகிறதென்றால் அதில் எம்மாவின் பங்கு மிகப் பெரியது.

லண்டனில் இருந்தபோதுதான் எட்சிங் அவர் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் குடியேறியிருந்த சுவீடன் நாட்டவரான ஆக்செல் ஹெர்மன் ஹெக் 1882இல் அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தார். இந்தக் கலையின் வழிமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நான்கு வண்ணக் கேள்விக்கான விடை இதற்குள் இருக்கிறது. மெருகேற்றிய செப்புத்தகட்டைச் சூடாக்கி, அதன் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். கோடு கண்ணுக்குத் தெரிவதற்காக அந்தப் பூச்சை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கருக்க வைப்பதும் உண்டு. ஓவியர் கூர்மையான ஊசியால் அந்தக் கரிய பரப்பில் கீறும்போது, ஊசி போன வழியெல்லாம் செம்பு பளிச்சென்று தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். பூச்சு உள்ள இடத்தை அமிலம் தொடாது. ஊசி திறந்துவிட்ட கோடுகளை மட்டும் அரிக்கும். வெளிறிய கோடுகள் போதுமான இடத்தில் சற்று நேரத்தில் தகட்டை வெளியே எடுத்து, அந்த இடங்களை மெருகுப்பூச்சால் மூடிவிட்டு மீண்டும் அமிலத்தில் இட்டால், மற்ற கோடுகள் இன்னும் ஆழமாகும். ஆழமான கோடு அதிக மையை வாங்கும், தாளில் அதிகக் கறுப்பாக விழும். முடிவில் பூச்சைக் கழுவிவிட்டு, தகடு முழுக்க மை தேய்த்து, மேற்பரப்பிலுள்ள மையைத் துணியால் துடைத்தெடுத்து, ஈரமான தாளை மேலே வைத்து உருளை அச்சு இயந்திரத்தில் அழுத்தினால், கோடுகளுக்குள் தங்கிய மை தாளில் ஏறும். படம் இடம்வலம் மாறி விழும்.

இதில் பிழைத்திருத்தம் கடினம். கோட்டை இட்டபின் அழிப்பது பெரும்பாடு. ஆகவே பெரும்பாலோர் முதலில் உருவத்தின் எல்லைக்கோட்டை வரைந்துகொண்டு, பிறகு உள்ளே நிழல் நிரப்புவார்கள். சோர்ன் அப்படிச் செய்யவில்லை. 1890களில் அவர் செய்த தகடுகளில் எல்லைக்கோடு என்பதே அரிது. சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக, வேகமாக விழுந்த கோடுக் கற்றைகள்தாம் படம் முழுவதும். கற்றை எங்கே நிற்கிறதோ அங்கே கன்னத்தின் விளிம்பு பிறக்கிறது. கற்றை எங்கே நெருங்குகிறதோ அங்கே இருட்டு. 1892இல் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனானை அவர் செய்த தகட்டின் அச்சைப் பாருங்கள். அறிஞர் இறந்த ஆண்டும் அதுவே. உடல் பருத்த முதியவர் நாற்காலியில் தம் முழு எடையையும் இறக்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். அருகே மேசையில் தாள்களும் நூல்களும் குவிந்திருக்கின்றன. மேலங்கிக்கும் நாற்காலிக்கும் அறையின் இருட்டுக்கும் இடையே பிரிக்கும் கோடு எதுவும் இல்லை. ஒரே சாய்ந்த மழைபோலப் படம் முழுவதும் கோடுகள் இறங்குகின்றன. ஆனாலும் அந்தத் தலையின் கனமும் உடலின் சோர்வும் தப்பாமல் தெரிகின்றன. அருகில் சென்றால் கீறல்களாகவும், மூன்றடி பின்வாங்கினால் மனிதராகவும் மாறும் படம் அது.

இப்படிச் செய்ய முடிந்தவருக்கு ஒரு பழக்கம் ஆழமாக ஊறியிருக்க வேண்டும்: எந்தப் பொருளையும் அதன் வண்ணத்தால் அளக்காமல் அதன் ஒளி அளவால் முதலில் அளப்பது. எந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எது அதைவிட ஒரு படி இருட்டு, இரண்டும் சேருமிடம் கூர்மையா மங்கலா என்பதை அவர் முதலில் கண்டுவிடுகிறார். தம் வாழ்நாளில் ஏறத்தாழ 290 தகடுகளை அவர் இந்தக் கண்ணோடு செய்தார். ரெம்பிராண்டின் எட்சிங்குகளை அவர் தேடிச் சேகரித்ததும், தம் காலத்தவர் அவரை ரெம்பிராண்டோடு ஒப்பிட்டுப் பேசியதும் இந்தப் பின்னணியில் இயல்பானவை. ஒப்பீடு மிகையா என்றால், மனித உள்ளத்தின் ஆழத்தைக் காட்டுவதில் ரெம்பிராண்ட் எட்டிய இடம் வேறு. ஒளியைக் கோடாக மாற்றும் கைவேகத்தில் சோர்னுக்கு இணை சொல்ல எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

இனி உங்கள் பேலட்டுக்கு வருவோம். சோர்ன் பேலட் என்று வழங்குவது வெள்ளை, மஞ்சள் காவி எனப்படும் எல்லோ ஓக்கர், சாதிலிங்கம் எனப்படும் வெர்மிலியன், ஐவரி பிளாக் ஆகிய நான்கு. அவர் காலத்து வெள்ளை ஈயவெள்ளை. இன்று ஈயமும் பாதரசமும் கலந்த வண்ணங்களின் நச்சுத்தன்மை கருதி டைட்டானியம் வெள்ளையையும் காட்மியம் சிவப்பையும் பயன்படுத்துகிறார்கள். நீலம் இல்லாமல் எப்படி என்று நீங்கள் கேட்டதற்கு விடை எளிது. ஐவரி பிளாக் குளிர்ச்சியான கறுப்பு. அதில் வெள்ளை சேர்த்தால் வரும் சாம்பலை, சிவப்பும் காவியும் கலந்த தோல்நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண் அதை நீலம் என்றே எடுத்துக்கொள்ளும். அதே கறுப்போடு காவியைக் கலந்தால் ஒலிவப் பச்சை கிடைக்கும். சிவப்பைக் கலந்தால் ஊதா சாயும் பழுப்பு கிடைக்கும். நான்கு வண்ணங்களில் தீட்டும் இந்த எண்ணம் அவர் கண்டுபிடித்ததும் அன்று. கிரேக்க ஓவியர் அப்பெலீஸ் முதலானோர் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கை மட்டும் கொண்டு அழியாப் படைப்புகளைச் செய்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார்.

இந்தப் பெயர் சோர்னோடு ஒட்டிக்கொள்ள அவரே சான்று தந்திருக்கிறார். 1896இல் அவர் தீட்டிய தன்னுருவப் படத்தில், மாடல் பெண் பின்னணி இருட்டில் அமர்ந்திருக்க, முன்னால் நிற்கும் ஓவியரின் கையிலுள்ள தட்டில் இந்தச் சிக்கனமான வண்ணக் குவியல்களையே காண்கிறோம். ஆனால் அது ஒரு வகைப் படத்துக்கான தட்டு: அறைக்குள் இருக்கும் மனிதர், மங்கிய வெளிச்சம், தோல், கறுப்பு உடை. கோடைக்கால நீரையும் புல்வெளியையும் பாவாடைகளின் நீலத்தையும் தீட்டும்போது அவர் வேறு வண்ணங்களை எடுத்துக்கொண்டார். அவருடைய கலைக்கூடத்தில் எஞ்சிய குழாய்களில் கோபால்ட் நீலமும் இருந்திருக்கிறது. அவர் முதலில் பெயர்பெற்றது நீர்வண்ணத்தில் என்பதையும், எண்ணெய் வண்ணத்துக்கு மாறியது 1887–88 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் மீனவர் ஊரில் தங்கியிருந்தபோதுதான் என்பதையும் மறந்துவிட வேண்டாம். 1886இல் படகுத்துறையில் வெண்ணிற உடையில் நிற்கும் எம்மாவைத் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தில் தண்ணீர்ப் பரப்பு மட்டுமே ஒரு பாடம். 2010இல் அது ஸ்டாக்ஹோமில் 260 லட்சம் குரோனருக்கு ஏலம்போய், சுவீடன் ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்திராத விலையைப் பெற்றது.

ஆகவே உங்கள் ஆசிரியர் கொடுத்தது நல்ல பயிற்சி. அதை விட்டுவிட வேண்டாம். நீலத்தை எடுத்துவிட்டால் மாணவர் வண்ணத்தைத் துரத்துவதை நிறுத்தி ஒளி அளவைப் பார்க்கத் தொடங்குகிறார் என்பதே அதன் பயன். நான்கையும் இரண்டிரண்டாகக் கலந்து, ஒவ்வொரு கலவையிலும் வெள்ளையைப் படிப்படியாகக் கூட்டி ஓர் அட்டவணை தீட்டிவைத்துக்கொண்டு முகத்துக்குப் போங்கள். இயன்றால் அதே முகத்தை முதலில் மையால், இணைகோடுகளால் மட்டும், எல்லைக்கோடு இன்றி வரைந்து பாருங்கள். நான்கு வண்ணம் என்பது சோர்னைப் பொறுத்தவரை, ஒற்றைக் கறுப்பு மையில் அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததன் அடுத்த படி என்பது அப்போது உங்கள் விரலுக்கே விளங்கும். 1892இல் பாரிஸ் குதிரைப் பேருந்தில் மடியில் பெட்டியோடு அமர்ந்திருக்கும் பெண்ணை அவர் எண்ணெய் வண்ணத்திலும் தகட்டிலும் செய்திருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த விளக்கம் கிடையாது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சோர்ன் சுவீடன் கலைப் பிரிவின் ஆணையராகச் சென்றபோது, அந்தப் பேருந்து ஓவியத்தைப் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் வாங்கிக்கொண்டார். அமெரிக்காவுக்கு அவர் மேற்கொண்ட ஏழு பயணங்களில் அதுவே முதலாவது. பின்னாளில் கிளீவ்லாந்து, டாஃப்ட் ஆகிய அதிபர்களை வண்ணத்திலும் தியடோர் ரூஸ்வெல்ட்டைச் செப்பிலும் செய்தார்.

பதக்கத்தின் கதை மோராவுக்குத் திரும்புகிறது. பாரிஸில் எட்டாண்டுகள் வாழ்ந்து புகழும் பொருளும் ஈட்டிய சோர்ன் 1896இல் சொந்த ஊருக்கே குடிவந்தார். ஊரில் பழைய வாழ்க்கை கண்முன்னே தேய்ந்துகொண்டிருந்தது. இடிக்கப்படவிருந்த பழைய மரவீடுகளை வாங்கி ஓரிடத்தில் சேர்த்து நிறுத்தினார். பாட்டன் பாட்டி காலத்து நடன இசையை அக்கார்டியன் விழுங்கிக்கொண்டிருந்ததால், 1906இல் மோராவுக்கு அருகிலுள்ள யெசுண்டாவில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார். வயலின் வாசித்தவர்களோடு, மேய்ச்சல் நிலத்தில் கால்நடைகளை அழைக்கக் கொம்பு ஊதியவர்களும் வந்து வாசித்தார்கள். 1910இல் ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நாடு தழுவிய கூடல் நடந்தபோது, பங்குபெற்றவர்களுக்கு அளிக்க வெள்ளிச் சின்னம் ஒன்றைச் சோர்னே வடிவமைத்துக் கொடுத்தார். இன்றைய சோர்ன் பதக்கம் அதன் வழிவந்தது. 1933 முதல் 'சோர்ன் நடுவர் குழு' முன்னிலையில் கலைஞர் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்ற முறை இருக்கிறது. தம் வட்டாரத்து மெட்டுகளை அவற்றுக்குரிய நடையோடும் தாளத்தோடும் வாசிக்கிறாரா என்பதை அவர்கள் கூர்ந்து கேட்கிறார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நிலைகள் உண்டு. வெள்ளி பெற்றவர் 'ரிக்ஸ்பெல்மன்', அதாவது நாட்டின் இசைஞர், என்று தம்மைச் சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் படித்த வயலின் கலைஞரின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்திருந்தால் அவர் வெள்ளியாவது பெற்றவர். ஓவியர் ஒருவரின் பெயர் இசைஞர்களின் மார்பில் தொங்குவதை நான் அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

யெசுண்டாவில் கொம்பு ஒலித்த அதே 1906இல் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் பிறந்தவர் மாக்ஸ் சோர்ன். ஹாம்பர்க்கில் கணிதவியலர் எமில் ஆர்ட்டினிடம் ஆய்வு செய்து 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்து, யேல், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இடங்களில் பணிபுரிந்து, 1946 முதல் ஓய்வுபெறும்வரை இந்தியானா பல்கலைக்கழகத்தில் இருந்தார். உங்கள் தங்கை படிக்கும் துணைத்தேற்றம் 1935இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரையில் வருகிறது. ஒரு கணத்தின் உறுப்புகளில் சில இணைகளை மட்டும் 'இது கீழே, அது மேலே' என்று ஒப்பிட முடிகிறது என்று கொள்வோம். எந்த இரண்டை எடுத்தாலும் ஒப்பிட முடிகிற உட்கணத்தைச் சங்கிலி என்பார்கள். ஒவ்வொரு சங்கிலிக்கும் கணத்துக்குள்ளேயே ஒரு மேல்வரம்பு இருக்குமானால், தனக்கு மேலே வேறெதுவும் இல்லாத உறுப்பு ஒன்றாவது அந்தக் கணத்தில் இருந்தே தீரும் என்கிறது துணைத்தேற்றம். அந்த உறுப்பு மற்ற எல்லாவற்றுக்கும் மேலானது என்று பொருளில்லை. அதை விஞ்சுவது எதுவும் இல்லை என்பது மட்டுமே. மாணவர்கள் வழுக்கிவிழும் இடம் இதுதான்.

பயன்படும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு திசையன் வெளியிலுள்ள நேரியல் சார்பற்ற கணங்களை, அதாவது எந்தத் திசையனையும் மற்றவற்றைக் கூட்டிப் பெருக்கி உருவாக்க முடியாத கணங்களை, எல்லாம் எடுத்து, ஒன்று மற்றொன்றுக்குள் அடங்குவதை வரிசையாகக் கொள்ளுங்கள். ஒரு சங்கிலியிலுள்ள கணங்களின் சேர்ப்பும் நேரியல் சார்பற்றதே. எனவே மேல்வரம்பு கிடைத்துவிடுகிறது. துணைத்தேற்றப்படி இனி பெருக்க முடியாத ஒரு கணம் இருக்கிறது. அதுவே அந்த வெளியின் அடுக்களம், அதாவது வெளியிலுள்ள எல்லாத் திசையன்களையும் உருவாக்கப் போதுமான கணம். முடிவிலிப் பரிமாணமுள்ள வெளிகளுக்கும் அடுக்களம் உண்டு என்பது இப்படி நிறுவப்படுகிறது. வெறுமையற்ற கணங்கள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேரலாம் என்னும் தேர்வு அடிகோளுக்குத் துணைத்தேற்றம் சமமானது. இதற்கு நெருங்கிய வடிவத்தைப் போலந்து கணிதவியலர் குரட்டோவ்ஸ்கி 1922இலேயே வெளியிட்டிருந்ததால், குரட்டோவ்ஸ்கி–சோர்ன் துணைத்தேற்றம் என்றும் வழங்குகிறது. மாக்ஸ் சோர்ன் தம் கட்டுரையில் 'பெருமக் கொள்கை' என்றுதான் குறிப்பிட்டார், தம் பெயரை அதற்குச் சூட்டியவர்கள் மற்றவர்கள்.

நீங்கள் தேடும்போது எதிர்ப்படக்கூடிய பிற சோர்ன்களையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் 1953இல் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜான் சோர்னுக்கும் சுவீடன் பதக்கத்துக்கும் தொடர்பில்லை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் சோர்ன் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதே பகுதியின் ஸ்ட்ராஸ்பர்க்கில் சோர்ன், முல்லன்ஹைம் என்ற இரு பிரபுக் குடும்பங்கள் 1332இல் தெருவில் மோதிக்கொண்டதன் விளைவாக நகர ஆட்சியில் கைவினைஞர் சங்கங்களுக்கு இடம் கிடைத்தது. சொல்லின் பொருளோடு உண்மையாகவே பிணைந்த ஒருவர் உண்டு: சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் ஆங்ஸ்ட். ஜெர்மனில் 'ஆங்ஸ்ட்' என்றால் அச்சம். புற்றுநோயோடு போராடியபடி தம் வளர்ப்பின் மீதான சீற்றத்தை எழுதியபோது, அவர் அந்தக் குடும்பப் பெயரை நீக்கிவிட்டு ஃபிரிட்ஸ் சோர்ன் என்று வைத்துக்கொண்டார். 1976இல் அவர் இறந்தார். நூல் 1977இல் வெளிவந்தது.

கடைசியாக, தமிழில் எப்படி எழுதுவது, சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மன்காரர் வாயில் முதலெழுத்து 'ட்ஸ்' என்று ஒலிக்கும். மாக்ஸுக்கு அதுவே பொருத்தம். சுவீடன் மொழியில் அந்த எழுத்து வெறும் 'ஸ'கரமாகிவிடும். மேலும், ரகரத்தை அடுத்து னகரம் வந்தால் பெரும்பாலான வட்டாரங்களில் இரண்டும் சேர்ந்து நாக்கை மடித்துச் சொல்லும் ஒரே ஒலியாகிவிடும். அந்த ஒலி நம்முடைய 'ண்'தான். எழுத்தில் இருவருக்கும் 'சோர்ன்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓவியரின் பெயரை அவர் ஊரார் சொல்வதுபோல் உச்சரிக்க விரும்பினால் 'ஸோண்' என்று ஓகாரத்தைச் சற்று நீட்டிச் சொன்னால் போதும்.